ஷின்ஆன் ஆற்று இழப்பீடு

ஷின்ஆன் ஆறு சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்து ஹுவாங்ஷான் மலைப்பகுதியில் தோன்றி, கீழே ஜெஜியாங் மாகாணத்துக்குள் பாய்கிறது. அங்கே 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட அணையால் சியான்தாவ் ஏரி உருவானது. 2000-க்குப் பிறகு மேல்பகுதியின் கழிவும் உரச்சத்தும் ஏரியில் சேர்ந்து பாசி பெருகியது. ஏழ்மையான மேட்டு மக்கள் தொழிலைத் துறந்து நீரைக் காக்க, பலனைச் செழிப்பான கீழ்ப்பகுதி மட்டும் அடைவது நியாயமன்று என்ற வாதமும் வலுத்தது.

2012-இல் இரு மாகாணங்களும் மூன்றாண்டு இழப்பீட்டு ஒப்பந்தத்தைச் செயல்படுத்தின. மத்திய அரசு ஆண்டுக்கு 30 கோடி யுவான் தந்தது. மாகாணங்கள் தலா 10 கோடி ஒதுக்கின. எல்லையிலுள்ள ஜியேகோவில் பெர்மாங்கனேட் குறியீடு, அம்மோனியா நைட்ரஜன், மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ் ஆகிய நான்கும் அளக்கப்பட்டன. அவற்றை 2008–2010 சராசரியோடு ஒப்பிட்டு வரும் குறியீட்டெண் 1-ஐத் தாண்டாவிட்டால் ஜெஜியாங் ஆன்ஹுய்க்குப் பணம் தர வேண்டியிருந்தது. தாண்டினால் ஆன்ஹுய் தர வேண்டியிருந்தது.

மேல்பகுதியில் ஆற்றிலிருந்த மீன்வளர்ப்புக் கூண்டுகள் அகற்றப்பட்டன. ஊர்க் கடைகளில் மக்கள் குப்பையைக் கொடுத்து உப்பு, சோப்பு போன்றவற்றைப் பெற்றனர். 2015-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மாகாணங்களின் பங்கு தலா 20 கோடியானது.

இழப்பீடு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. மேல்பகுதிக் காடு தேக்கும் நீர், தடுக்கும் மண்ணரிப்பு, வடிகட்டும் மாசு ஆகியவற்றுக்கு ஆய்வாளர்கள் கணக்கிடும் மதிப்பு, கைமாறும் தொகையைவிட மிகப் பெரிது. ஆகவே அம்மதிப்பை இழப்பீட்டின் உச்சவரம்பாகவும், காப்புச் செலவையும் கைவிட்ட வருமானத்தையும் அடிவரம்பாகவும் கொள்வது வழக்கம். இடையிலுள்ள தொகையைப் பேச்சுவார்த்தையே முடிவுசெய்கிறது.