நீரில் கிடந்த உடல்

ஆற்றிலோ குளத்திலோ ஓர் உடல் மிதந்தால் விசாரிப்பவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, நீருக்குள் போகும்போது இவருக்கு உயிர் இருந்ததா என்பதே. 1995இல் கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரியில் தமிழ் இளைஞர்களின் உடல்கள் மிதந்ததையும், விசேட அதிரடிப் படையினர் சிலர் கைதானதையும் புகலிட நாடுகளிலிருந்து வாசித்த எமக்கு அது வெறும் பாடப்புத்தகக் கேள்வியல்ல.

கேள்வி பழையது. 1247இல் சீன நீதிபதி சொங் சி எழுதிய மரண விசாரணைக் கைநூல், உயிரோடு மூழ்கியவரின் நகங்களில் மண்ணையும் வாயில் நுரையையும் தேடச் சொல்கிறது. உடல் அழுகிவிட்டால் நுரை ஏது?

பின்னர் ஆய்வுகூடமும் இதற்குள் நுழைந்தது. 1904இல் ஜேர்மனியில் ரெவன்ஸ்டோர்ஃப் மூழ்கியவர்களின் நுரையீரலில் தயற்றங்களைத் தேடினார். தயற்றம் என்பது நீரில் வாழும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒருகல அல்கா. அதன் ஓடு சிலிக்காவாலானது; செறிந்த நைத்திரிக்கமிலத்தில் தசை கரைந்துபோனாலும் ஓடு எஞ்சும். ஆனால் இறந்தபின் வீசப்பட்ட உடலின் நுரையீரலுக்குள்ளும் நீர் புகலாமல்லவா? 1942இல் இன்ட்சே காட்டியது இங்கேதான் முக்கியமாகிறது. மூழ்குபவர் மூச்சிழுக்கையில் தயற்றங்கள் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் போகின்றன. இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தான் அவை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்பு மச்சைக்கும் போய்ச்சேரும். ஆகவே தொடையெலும்பின் மச்சையை எடுத்து அமிலத்தில் கொதிக்கவைத்து, எஞ்சும் ஓடுகளை நுணுக்குக்காட்டியில் எண்ணி, உடல் கிடந்த நீரின் தயற்றங்களோடு ஒப்பிடுகிறார்கள்.

1921இல் நியூயோர்க்கில் அலெக்சாண்டர் கெட்லர் வேறொரு வழி சொல்லியிருந்தார். நன்னீரில் மூழ்கினால் இதயத்தின் இடப்பக்க இரத்தம் ஐதாகி அதில் குளோரைட்டு குறையும், கடல்நீரில் கூடும். அழகான தர்க்கம். சாவின்பின் இரத்தத்தின் உப்புகள் இடம்மாறிவிடுவதால் அது நிலைக்கவில்லை.

தயற்றச் சோதனையும் சந்தேகத்துக்குத் தப்பவில்லை. மூழ்காதவர்களின் உடல்களிலும் தயற்றங்கள் அகப்பட்டன; சோதனை செய்பவரின் கண்ணாடிக் குவளையிலிருந்தே அவை வந்திருக்கலாம். எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோவில், மூழ்கி இறந்த 771 பேரைப் பற்றி 1997இல் வெளியான மைக்கல் பொலனனின் ஆய்வில், 28 வீதமானோரிலேயே சோதனை பலன் தந்தது. ஓடு அகப்பட்டு நீரோடு பொருந்தினால் அது பெறுமதியான சான்று. அகப்படாவிட்டாலோ, கொன்று வீசினார்கள் என்றும் சொல்லமுடியாது, மூழ்கினார் என்றும் சொல்லமுடியாது. இந்த இடைவெளியைத் தமக்குச் சாதகமாக்க விரும்புவோர் எந்த நாட்டிலும் இருப்பார்கள் என்பது எமது எண்ணம்.

இன்னொன்றும் வேண்டும். உடலை எடுக்கும்போதே அந்த இடத்து நீரையும் சுத்தமான போத்தலில் அடைத்துவைக்கவேண்டும். பருவத்தோடு தயற்ற இனங்கள் மாறுவதால், மாதங்கள் கழித்து மொண்டுவந்த நீர் அவ்வளவாக உதவாது. இப்போது தயற்றங்களின் டி.என்.ஏ.யைத் தேடும் முறைகளும் வந்துவிட்டன. எனினும் மூழ்கி இறந்தார் என்ற முடிவை, கழுத்திலும் மண்டையிலும் இரத்தத்திலும் வேறு காரணம் இல்லையென்று பார்த்தபின்னரே வைத்தியர் இன்றும் எழுதுகிறார்.