ஒலி ஒன்று, வரலாறு இரண்டு



உட்லண்ட்ஸில் வாழும் பிள்ளைகளுக்குக் 'காஸ்வே' என்பது அன்றாடச் சொல். ஜொகூர் நீரிணையின் குறுக்கே 1,056 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் அக்கற்கரையைத்தான் நாம் ஜொகூர் பாலம் என்கிறோம். 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் அது முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. வகுப்பில் மாணவன் ஒருவன், "ஆசிரியரே, 'காஸ்' என்றால் காரணம், 'வே' என்றால் வழி. அப்படியானால் அது காரண வழியா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தனர். ஆயினும் கேள்வி சிரிக்கத்தக்கதன்று.

காரணத்தைக் குறிக்கும் சொல் 'காஸா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாதையைக் குறிப்பதோ 'கல்கியாட்டா' என்னும் வேறொரு இலத்தீன் சொல்லின் வழிவந்தது. சுண்ணாம்புக்கல் பாவிய சாலை என்று அதற்குப் பொருள் கூறுவர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் பெருகின. அவ்வழியே வந்த இவ்விரண்டும் ஓசையில் ஒன்றாயின. நம் பாலம் கட்டப்பட்டது உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லால் என்பது தனிச்சுவை.

வேறொரு வகையும் உண்டு. இரவும் 'நைட்', குதிரை வீரனும் 'நைட்'. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன; காதுக்கு வேறுபாடு இல்லை என்பதற்கு இதுவே சான்று. முற்காலத்தில் வீரனின் முதலெழுத்தாகிய 'கே' ஒலிக்கப்பட்டது. இரு சொற்களிலும் நடுவிலுள்ள 'ஜி, ஹெச்' என்பதும் தொண்டையொலியாக ஒலித்தது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின், அச்சு சிறிது சிறிதாக எழுத்தை நிலைநிறுத்தியது. நாக்கோ நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அந்தக் 'கே' ஓசை மறையத் தொடங்கியது. எழுத்து மட்டும் எஞ்சியது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. மாவுக்கும் மலருக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் தொடக்கத்தில் ஒரே சொல். அரைத்த தானியத்தின் மிகச் சிறந்த பகுதியை 'மலர்' என்றனர். பிற்காலத்தில்தான் எழுத்தை மாற்றிப் பிரித்தனர். அசையாமல் நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் அத்தகையனவே. ஊர் ஊராய்த் திரிந்து விற்றவர்களிடையே, ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்த புத்தக வணிகரின் பெயரிலிருந்து எழுதுபொருளின் பெயர் பிறந்தது.

இவ்வரலாறு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தை ழகரத்தோடும், றகரத்தை னகரத்தோடும் சேர்க்கிறார். முன்னவை நுனிநா அண்ணத்தை வருடுவதால் பிறப்பன; பின்னவை ஒற்றுவதால் பிறப்பன. இன்றோ பெரும்பாலோர் பேச்சில் 'அரை', 'அறை' இரண்டும் ஒன்றே. பாதியை எழுத வேண்டிய இடத்தில் வீட்டின் அறையை எழுதும் பிள்ளையும், இரவை வீரனாக்கும் பிள்ளையும் ஒரே பள்ளத்தில்தான் இடறுகின்றனர்.

இதை எழுதக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழி. அதில் எழுத்துப்பிழை கண்டதும், "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி" என்று அஞ்சித் தமிழை நிறுத்தும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அவ்வச்சம் தேவையற்றது. ஆங்கிலமன்றி வேறு மொழி அறியாதவர்களும் இதே சொற்களில் தடுமாறுகின்றனர். பிள்ளையின் காது பழுதில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது.

ஆகவே, பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு நிறுத்தாமல், அச்சொல் வந்த வழியையும் ஒரு வரியில் சொல்லுங்கள். சொல்லைத் தனியே மனப்பாடம் செய்விக்காமல் வாக்கியத்தில் வைத்து எழுதச் செய்யுங்கள். காரணவழி கேட்ட அம்மாணவன், பின்னர் அச்சொல்லின் கதையைத் தன் தங்கைக்குச் சொன்னானாம். அடுத்த முறை ஜொகூர் பாலத்தில் வாகன நெரிசலில் காத்திருக்கையில், நீங்களும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்