குளிர்ந்த துறைமுகத்தில் செம்பு

கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் படர்வது வெப்பக்கடலின் தொல்லை, குளிர்ந்த கடலில் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை என்றொரு எண்ணம் உண்டு. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகடுகளால் மூடி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியபோதும் அதன் முதன்மையான பயம் வெப்பநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைப் பற்றியதுதான். ஆனால் செம்பின் மதிப்பைக் கடற்படைக்குச் சரியாகக் கற்பித்தது வெப்பக்கடல் அல்ல, இங்கிலாந்தின் சொந்தத் துறைமுகங்களே. உப்புநீர் தகடுகளை அரித்துத் தின்பதைத் தடுக்க, 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அவற்றோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தச் சொன்னார். வேதியியல் பொய்க்கவில்லை, இரும்பு கரைந்தது, செம்பு பிழைத்தது. பிழைத்த செம்பின் மேல்தான் கொட்டலசும் பாசியும் குடியேறின, அதிலும் துறைமுகத்தில் சும்மா நின்ற கப்பல்களில் அதிகமாக. கரையும் செம்பே நஞ்சு. கரையாவிட்டால் அது வெறும் தரை. சில ஆண்டுகளிலேயே கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டது.

வெப்பக்கடலில் ஒட்டுயிர்கள் ஆண்டு முழுதும் வந்துகொண்டே இருக்கின்றன, வளர்ச்சியும் வேகம். அதோடு குளிர்கடலை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். மொத்தக் கணக்கில் வெப்பக்கடலே முந்தும், மறுக்கவில்லை. ஆனால் குளிர் இந்த உயிர்களுக்கு எல்லா இடத்திலும் எதிரியல்ல. வட அட்லாண்டிக் கரைகளில் மிகுதியாக வாழும் கொட்டலசு இனம் ஒன்றுக்கு இனப்பெருக்கத்துக்கே குளிர் வேண்டும். பிரிட்டன் கரையில் அது இலையுதிர்காலக் கடைசியில் கருவுற்று, குளிர்காலம் முழுதும் கருக்களை ஓட்டுக்குள் வைத்துக் காக்கிறது. வசந்தத்தில் நுண்பாசிகள் பெருகும் வேளையில்தான் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. 1962-63-இன் கொடுங்குளிர் பிரிட்டன் கரையோர உயிர்கள் பலவற்றைக் கொன்றபோதும் இந்த இனத்துக்குப் பெரிய சேதமில்லை. குஞ்சுகள் தம் இனம் ஏற்கெனவே ஒட்டிய இடத்தையே நாடுவதால், முதலில் வந்த சில கொட்டலசுகளே பின்னால் வருபவற்றுக்கு அழைப்பு. எனவே குளிர்கடலில் காலம் குறுகுகிறதே தவிர, வரவு சிதறுவதில்லை. அந்தச் சில வாரங்களில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு ஆண்டுச் சராசரி எந்த ஆறுதலும் தராது. செம்பின் கதைக்குத் திரும்பினால், மரக் கப்பல்களுக்குப் பின்னர் இரும்புக் கப்பல்கள் வந்தன. செம்பு தொட்டால் இரும்பு அரியும் என்பதால் தகடு போய், செம்புச் சேர்மங்களைக் கலந்த பூச்சு வந்தது. அந்தப் பூச்சும் மெல்ல மெல்லக் கரைந்தால்தான் வேலை செய்யும்.