இயற்கை எய்திய கவிதை

1966 ஜனவரி, சிலியில் கோடைக்காலம். அகோன்காகுவா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் கோன்கோன் கடற்கரையில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கரை ஒதுங்கிய குச்சி ஒன்றை எடுத்து ஈரமணலில் நட்டாள். பக்கத்தில் கிடந்த இறகையும் எலும்பையும் கல்லையும் சேர்த்து வைத்தாள். அலை ஏறி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று.

இந்த இரங்கல் அந்தக் கவிதைக்கு. அந்தப் பெண், பின்னாளில் கவிஞராகவும் கலைஞராகவும் அறியப்பட்ட செசிலியா விகூன்யா. இப்படிச் செய்தவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பிரெகாரியோ', நிலையற்றது. அச்சொல்லின் லத்தீன் வேரில் வேண்டுதல் என்ற பொருளும் உண்டு. செல்லமாக அவற்றைக் குட்டிக் குப்பை என்றும் அழைத்தார். தாளும் மையும் இல்லாததால் இது கவிதையாகாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் புதிய பொருள் பிறக்கச் செய்வதுதானே கவிதை?

இறந்தவரை 'இயற்கை எய்தினார்' என்று எழுதுகிறோம். கோன்கோன் கவிதைக்கு அந்தத் தொடர் அப்படியே பொருந்துகிறது. குச்சி மக்கும், எலும்பு கரையும், கல் தேய்ந்து மணலாகும். அது கடலிடம் கடன் வாங்கிக் கடலிடமே திருப்பிக் கொடுத்த கவிதை. ஆனால் அப்போதே அந்த ஊரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிக்கொண்டிருந்தது. முதல் புவி நாளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது விகூன்யா லண்டனில் இருந்தார். நாடு திரும்ப முடியவில்லை. ஆண்டிஸ் மக்கள் கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கும் நினைவும் காத்த 'கிப்பு' முறையை அவர் தன் கவிதைக்குள் கொண்டுவந்தார். 1583-இல் லிமாவில் கூடிய திருச்சபை மன்றம் எரிக்கச் சொன்ன மொழி அது. 2006-இல், மிச்செல் பச்லெட் சிலியின் அதிபராகத் தேர்வான நாளில், எல் ப்ளோமோ பனியாற்றின் அடிவாரத்தில் சிவப்புக் கம்பளி இழைகளால் ஒரு கிப்பு விரித்தார். பாஸ்குவா லாமா தங்கச் சுரங்கத்துக்காகப் பனியாறுகளைக் கைவிட வேண்டாம் என்ற வேண்டுதல் அது. அந்தச் சுரங்கத்தை நிரந்தரமாக மூடும் ஆணையை 2020-இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் உறுதிசெய்தது. கவிதை வென்றது என்று நான் எழுதமாட்டேன். உவாஸ்கோ பள்ளத்தாக்கின் உழவர்களும் தியாகீத்தா பழங்குடி மக்களும் அந்தச் சுரங்கத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். கம்பளி இழை அவர்கள் பக்கம் நின்றது. எனக்கு அதுவே பெரிது.

அலை கொண்டுபோன அந்தக் குச்சிக்காக நான் அழவில்லை. அப்படி இயற்கையோடு போய்ச் சேரும் வாய்ப்பே அற்றுப்போனதுதான் என் துக்கம். கரையில் கிடப்பதைத்தானே பொறுக்க முடியும்? பின்னாளில் விகூன்யாவின் பிரெகாரியோக்களில் பிளாஸ்டிக் துண்டுகளும் வலை நூலும் வந்து சேர்ந்தன. அவற்றாலும் அழகாகவே செய்கிறார். பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. இன்று கடற்கரையில் ஒருத்தி குனிந்து ஒரு கவிதை செய்தால், இறகு போய்விடும், குச்சி போய்விடும். நைலான் நூலை மட்டும் அலை இழுத்துப் போய், மறுநாள் காலை வேறொரு கரையில் போட்டுவிட்டுத் திரும்பும்.