திரும்பிப் போனவர்

செல்வந்தன் ஒருவன் இயேசுவிடம் வந்த கதையை நாம் அறிவோம். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தன்னைப் பின்பற்றச் சொன்னார் இயேசு. அவன் வருத்தத்தோடு போய்விட்டான். விற்பதற்கு ஒன்றுமே இல்லாதவருக்கு அந்த அழைப்பின் பொருள் என்ன? பஞ்சாபின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு.

சியால்கோட்டில் அமெரிக்க ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் மிஷன் 1855இல் தொடங்கியது. நிலமும் சாதி மதிப்பும் உள்ளவர்கள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்பது அக்கால மிஷன்கள் பலவற்றின் கணக்கு. நட்டு என்ற ஜாட் இளைஞர் ஞானஸ்நானம் பெற்றபோது மிஷனரிகள் மகிழ்ந்தனர். அவர் ஊர்த்தலைவரின் மகன், சொத்துக்கு வாரிசு. ஆனால் உறுதியில்லாத விசுவாசி என்றே பின்னர் அவரைக் குறித்துவைத்தனர்.

அந்த நட்டுதான் 1873இல் தித் என்பவரை அழைத்து வந்தார். தித் சுஹ்ரா சாதியினர். பெருக்குவதும் மலம் அள்ளுவதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் ஊரார் அச்சாதியின்மீது சுமத்திய வேலைகள். தித் கால் ஊனமுற்றவர், தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர். கற்பிப்பதற்காக அவரைச் சியால்கோட்டிலேயே தங்கவைக்கப் பாதிரியார் சாமுவேல் மார்ட்டின் விரும்பினார். தித் உடனே ஊர் திரும்ப வேண்டும் என்றார். தயங்கிய மார்ட்டினுக்கு, மறுப்பதற்கு வேதத்தில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தார்.

தித் தம் ஊருக்கே போனார். உறவினர் எதிர்த்தனர். அவர் அசையவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் 30 மைல் நடத்தியே சியால்கோட்டுக்கு அழைத்து வந்தார். தோல் வாங்க ஊர் ஊராகப் போன வழியெல்லாம் தம் விசுவாசத்தைப் பேசினார். சில பத்தாண்டுகளில் சியால்கோட் மாவட்டச் சுஹ்ராக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாயினர். மிஷன் திட்டமிட்டு நடந்ததல்ல இது. பல மிஷனரிகள் இதைத் தயக்கத்தோடுதான் பார்த்தனர்.

மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில், பேய்பிடித்துக் கல்லறைகளில் கிடந்து குணமானவன் இயேசுவோடு வர விரும்புகிறான். அவனை அவர் வீட்டுக்கே அனுப்புகிறார். உடைமை உள்ளவனுக்கு அழைப்பு, விட்டுவிட்டு வருவது. விலக்கப்பட்டவனுக்கு அழைப்பு, விலக்கிய ஊருக்கே நிமிர்ந்து திரும்புவது. தித் செய்தது இரண்டாவது.

ஆனால் நிமிர்ந்து நிற்க மண்ணும் வேண்டும். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம் 'வேளாண் குடிகள்' என்று ஒரு பட்டியல் வகுத்தது. தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்த சுஹ்ராக்கள் அதில் இல்லை. ஞானஸ்நானம் அதை மாற்றவில்லை. இன்றும் பாகிஸ்தான் நகரங்களில் சாக்கடைக்குள் இறங்குவோரில் பெரும்பாலோர் அவர்களின் வழிவந்த கிறிஸ்தவர்களே. இந்தியாவிலோ, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை.

தித்தின் எளிய விசுவாசத்தைத் திருச்சபைகள் இன்றும் போற்றுகின்றன. அந்தச் செல்வந்தனிடம் கேட்டதைத் தங்களிடமும் கேட்டுக்கொண்டனவா? தங்கள் நிலத்தையும் நிறுவனங்களையும் யாரோடு பகிர்ந்துகொண்டன? விடை சொல்ல வேண்டியவர் தித் அல்ல.