பிடிப்பும் விடுப்பும்

கரு வளர்ச்சியின் வரலாற்றில் 'செல் ஒட்டுதல்' என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓர் உவமையாகவே வழங்கி, அதன் பிறகே பெயரும் உருவமும் கொண்ட புரதமாக அறியப்பட்டது. ஒற்றைச் செல்லில் தொடங்கும் கரு, செல்கள் பெருகுவதால் மட்டும் உருப்பெற்றுவிடுவதில்லை. பெருகிய செல்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து சேர வேண்டும், சேர்ந்த இடத்தில் நிலைக்க வேண்டும், வேளை வந்தால் அந்த இடத்தை விட்டுப் புறப்படவும் வேண்டும்.

1907இல் அமெரிக்க விலங்கியலாளர் ஹெச். வி. வில்சன், கடற்பஞ்சு எனப்படும் எளிய விலங்கை நுண்ணிய பட்டுத்துணி வழியே பிழிந்து தனித்தனிச் செல்களாக உதிர்த்தபோது, அவை மீண்டும் கூடிக் கடற்பஞ்சாகவே வளர்ந்தன. ஜெர்மானியரான யோஹான்னஸ் ஹோல்ட்ஃப்ரெட்டர் 1939இல் இந்தக் கூடும் இயல்புக்குத் 'திசு நாட்டம்' என்று பெயரிட்டார். 1955இல் பிலிப் டவுன்ஸ் என்பவருடன் அவர் வெளியிட்ட ஆய்வில், நீர்நில வாழ்வனவற்றின் கருச்செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டாலும், தோலாக வேண்டியவை வெளிப்புறத்துக்கும் நரம்பாக வேண்டியவை உட்புறத்துக்கும் தாமாகவே பிரிந்து செல்வது தெரியவந்தது. எண்ணெயும் நீரும் பிரிவதுபோல, ஒட்டும் வலிமையின் ஏற்றத்தாழ்வே செல்களையும் பிரிக்கிறது என்று 1960களின் தொடக்கத்தில் மால்கம் ஸ்டைன்பெர்க் விளக்கினார். விளக்கம் அழகானது, ஆனால் ஒட்டுவது எது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை கிடைத்த விதம், ஆய்வகத்தில் பழக்கமாகச் செய்யப்படும் சிறு வேலைகளையும் வரலாற்றாசிரியர் புறக்கணிக்கக் கூடாது என்பதற்குச் சான்று. கியோட்டோவில் செல்களைப் பிரித்து ஒட்டவைத்துப் பழகியிருந்த மசதோஷி தக்கேச்சி, 1970களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கார்னகி நிறுவனத்தில் அதே சோதனையைச் செய்தபோது செல்கள் ஒட்ட மறுத்தன. செல்களைப் பிரிப்பதற்கு இரண்டு இடங்களிலும் பயன்பட்டது புரதத்தை அரிக்கும் டிரிப்சின் என்ற நொதிதான் என்றாலும், பால்டிமோர் கரைசலில் கால்சியத்தைப் பிடித்து அகற்றும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளும் கலந்திருந்தது. கால்சியம் உடனிருக்கும்வரை டிரிப்சினால் அரிக்க முடியாத, கால்சியம் நீங்கிய உடனே அரிபட்டுப்போகிற ஒரு புரதம் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது என்பதை இந்த வேறுபாட்டிலிருந்து அவர் உய்த்துணர்ந்து 1977இல் வெளியிட்டார். அதற்கு 1984இல் 'கேடரின்' என்று பெயர் சூட்டப்பட்டது. 1987இல் அதன் மரபணுவை, ஒன்றோடொன்று ஒட்டாத எலிச் செல்களில் புகுத்தியபோது அவை ஒட்டிக்கொண்டன. மறு ஆண்டு, வெவ்வேறு வகைக் கேடரின்களைக் கொண்ட செல்களைக் கலந்தபோது அவை இனம் இனமாகப் பிரிந்து நின்றன. ஹோல்ட்ஃப்ரெட்டரின் 'நாட்டம்' அன்றுதான் பொருளாயிற்று.

ஆயினும் கேடரினைப் பசை என்று கொள்வது பிழை. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010 முதல் ஒரகடத்திலும் கார்கள் உருவாகிவரும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், தகடுகளை இணைக்கும் ஸ்பாட் வெல்டிங் ஒருமுறை விழுந்தால் வண்டியின் ஆயுள்வரை விடுபடக் கூடாது. கருவிலோ விடுபடாத பிணைப்பு கேடாகவே முடியும். முதுகெலும்புள்ள விலங்குகளின் கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் குழலின் உச்சியில் தோன்றும் 'நரம்பு முகட்டுச் செல்கள்', தம்மைப் பிணைத்திருந்த சில கேடரின்களைக் குறைத்துக்கொண்டு வெளியேறி, வழிநெடுக விரிந்திருக்கும் ஃபைப்ரோநெக்டின் போன்ற புரத இழைகளைப் பற்றி ஊர்ந்து, தோலின் நிறச்செல்களாகவும் முக எலும்புகளாகவும் குடலின் நரம்புகளாகவும் மாறுகின்றன. இழைகளைப் பற்றும் கைகளாகச் செயல்படும் செல் மேற்பரப்புப் புரதங்களுக்கு 1986இல் 'இன்டெக்ரின்' என்று பெயரிடப்பட்டது. முன்பக்கம் பற்றுவதும் பின்பக்கம் விடுவதும் மாறி மாறி நிகழ்ந்தால்தான் செல் நகரும்; பிடி மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் பயணம் தடைபடும்.

வளர்ச்சியும் இந்தப் பிடிப்பையே சார்ந்திருக்கிறது. கேடரினின் உள்வாலைப் பற்றி நிற்கும் பீட்டா-கேட்டனின் என்ற புரதமே, வேறொரு நேரத்தில் செல்லின் உட்கருவுக்குள் சென்று பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை இயக்குகிறது. பற்றுக்கோடு இழந்த செல்கள் பல தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இந்தச் சாவுக்கு 1994இல் 'வீடற்ற நிலை' என்னும் பொருள்பட ஒரு கிரேக்கப் பெயர் வைக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் இந்தியப் பெயரும் உண்டு. இப்போது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மைத்ரேயி நரசிம்மா, கேம்பிரிட்ஜில் நிக் பிரவுனுடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, பழ ஈயின் கருவில் முதுகுப்புறத் திறப்பு மூடிக்கொள்ளும்போது அதை மூடியிருக்கும் தற்காலிகப் படலத்துக்கும் அடியிலுள்ள மஞ்சள்கருவுக்கும் இடையே இன்டெக்ரின் பிடிப்பு தேவைப்படுவதைக் காட்டியது.

குடலை நோக்கிச் செல்லும் நரம்பு முகட்டுச் செல்கள் கடைசிவரை போய்ச் சேராவிட்டால், பெருங்குடலின் இறுதிப் பகுதி நரம்பின்றி இயக்கமற்றுப்போகும். டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886இல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கும் இந்த நோய், ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. எலிக் கருவின் இந்தச் செல்களில் பீட்டா-1 இன்டெக்ரினை நீக்கியபோது இதையொத்த குறையே தோன்றியது என்று 2006இல் ஓர் ஆய்வு அறிவித்தது. நரம்பற்ற பகுதியை அறுவை சிகிச்சையால் நீக்க முடியும் என்பதால், பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் கழிக்காத குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.