முகநரம்பு: பிரித்தறிதலின் வரலாறு

மனித முகத்தின் அசைவுகளை ஆளும் நரம்பு, மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவதாக இன்று எண்ணப்படுகிறது. கண்ணை மூடுவதும் புருவத்தை உயர்த்துவதும் உதட்டைக் குவிப்பதும் நகைப்பதும் இதன் ஆணையால் நிகழ்வன. கண்ணீரும் உமிழ்நீரும் சுரப்பதிலும், நாவின் முன்பகுதி மூன்றில் இரு பங்கு சுவை அறிவதிலும் இதற்குப் பங்குண்டு. இந்நரம்பைப் பற்றிய அறிவு, அருகருகே கிடந்தமையால் ஒன்றெனக் கருதப்பட்டவற்றை வேறுவேறென்று பிரித்தறிந்ததன் வழியாகவே வளர்ந்தது. பிரித்தறியாத காலங்களில் அவ்வறியாமையின் கேடு நோயாளியின் முகத்திலேயே விழுந்தது.

நரம்பு அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே நோய் அறியப்பட்டிருந்தது. சுசுருத சம்ஹிதை, வாத நோய்களைப் பற்றிய இயலில் அர்திதம் என்னும் நோயைச் சேர்த்து, வாய் ஒருபுறம் கோணுவதையும் பேச்சுக் குழறுவதையும் அதன் குறிகளாகக் கூறுகிறது. தமிழில் இன்றும் வழங்கும் முகவாதம் என்னும் பெயர், உடலின் இயக்கமெல்லாம் வாதத்தின் பாற்பட்டது என்னும் இந்திய மருத்துவ மரபின் கொள்கையைத் தாங்கி நிற்பதாகும். அரபு மருத்துவ நூல்கள் இந்நோயை லக்வா என்றன. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த பாரசீக மருத்துவர் அல் ராசி தம் பெருந்தொகுப்பில் இதனை ஆராய்ந்தார். அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு பின் வாழ்ந்த இப்னு சினா, மூளையில் தோன்றும் முகவாதத்தையும் நரம்பில் தோன்றும் முகவாதத்தையும் தனித்தனியே வகுக்க முயன்றார். லக்வா என்னும் அச்சொல் இந்தியிலும் உருதுவிலும் பக்கவாதம் முழுவதையும் குறிக்கும் சொல்லாக விரிந்துவிட்டதைக் காணும்போது, முகம் கோணுவதும் கைகால் விழுவதும் மக்கள் பார்வையில் எவ்வளவு நெருங்கிக் கிடந்தன என்பது விளங்கும்.

நரம்புகளை எண்ணிட்டு வகைப்படுத்திய மரபு கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் காலனிடமிருந்து தொடங்குகிறது. விலங்குகளை அறுத்து ஆராய்ந்த அவர், மூளையிலிருந்து ஏழு இணை நரம்புகள் புறப்படுவதாகக் கணக்கிட்டு, முகத்துக்குச் செல்லும் நரம்பையும் காதுக்குச் செல்லும் நரம்பையும் ஒரே இணையாக, ஐந்தாம் இணையாக, அடக்கினார். இரண்டும் மூளைத்தண்டில் ஒன்றையொன்று ஒட்டிப் புறப்பட்டு, ஒரே எலும்புத் துளைக்குள் நுழைகின்றன. ஆதலால் இந்தக் கணக்கைப் பிழை என்று தள்ளுவதைவிட, கண் கண்டதை அப்படியே எழுதியது என்று கொள்வதே நேர்மையாகும். 1543இல் மனித உடற்கூற்றியலைப் புதுக்கிய வெசாலியஸும் ஏழு இணை என்னும் அக்கணக்கை மாற்றவில்லை.

அந்தத் துளைக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்பதை இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கபிரியேல் ஃபலோப்பியோ காட்டினார். தாம் மறைவதற்கு ஓராண்டு முன்னர், 1561இல் வெளியிட்ட உடற்கூற்றுக் குறிப்புகளில், காதைச் சூழ்ந்த பொட்டெலும்புக்குள் இந்நரம்புக்கென்றே வளைந்து செல்லும் ஒரு குடைவழி இருப்பதை விவரித்து, அதற்கு நீர்க்கால்வாய் எனப் பெயரிட்டார். அதில் நீர் ஓடுவதில்லை. ஆயினும் ஃபலோப்பியோ கால்வாய் என்னும் பெயர் காது அறுவை மருத்துவர்களிடையே இன்றளவும் வழங்குகிறது.

அக்கால்வாயின் அமைப்பை அறிந்தாலன்றி முகநரம்பின் நோய்கள் விளங்கா. மூளைத்தண்டின் பான்ஸ் என்னும் பகுதியில் பிறக்கும் இந்நரம்பின் இழைகள், கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் நரம்பின் கருவை ஒருமுறை சுற்றிக்கொண்டு வெளிவருகின்றன. காது நரம்போடு சேர்ந்து உட்செவித் துளைக்குள் நுழைந்தபின் முகநரம்பு தனித்துப் பிரிந்து கால்வாயில் புகுகிறது. கால்வாயின் முதற்பகுதியே மிகக் குறுகியது. அதன் வாயில் விட்டம் ஒரு மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அங்கிருந்து முழங்கால் மடக்குவது போன்ற ஒரு திருப்பம், நடுச்செவியின் சுவரை ஒட்டிய ஒரு கிடைப்பகுதி, காதின் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பினூடே கீழிறங்கும் ஒரு பகுதி என ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தூரம் எலும்புக்குள்ளேயே சென்று, காதுமடலுக்குக் கீழே நரம்பு வெளிப்படுகிறது. உடலில் வேறெந்த நரம்பும் இவ்வளவு தூரம் எலும்புக்குள் அடைபட்டுச் செல்வதில்லை. நரம்பு வீங்கினால் மற்ற இடங்களில் சதை இடங்கொடுக்கும். இங்கே எலும்பு இடங்கொடாது, வீக்கம் நரம்பையே நெரிக்கும்.

பெயரும் எண்ணும் தெளிவதற்கு மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில் முகநரம்பையும் செவிநரம்பையும் ஏழாம் இணையாக வைத்து, முகத்துக்குரியதை வன்பகுதி என்றும் செவிக்குரியதை மென்பகுதி என்றும் குறித்தார். தொட்டுப் பார்க்கையில் ஒன்று உறுதியாகவும் மற்றொன்று குழைவாகவும் இருந்ததே இப்பெயர்களுக்குக் காரணம். ஜெர்மானியரான வ்ரிஸ்பெர்க் இவ்விரண்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய மூன்றாவது இழை ஒன்றை விவரித்தார். சுவையுணர்வையும் சுரப்பிகளுக்கான ஆணையையும் ஏந்திச் செல்வது அதுவே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1778இல் சாமுவேல் தாமஸ் சோமரிங் மூளை நரம்புகளைப் பன்னிரண்டு இணையாக வகுத்தபோது முகநரம்பு ஏழாவதாகவும் செவிநரம்பு எட்டாவதாகவும் பிரிந்து நின்றன. காலனின் முடிச்சு அவிழ ஏறத்தாழ 1600 ஆண்டுகள் பிடித்தன.

நரம்பு இருக்குமிடம் தெரிந்தபின்னும் அதன் தொழில் தெரியவில்லை. முகத்தில் இரு நரம்புகள் பரவுகின்றன: மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு எனப்படும் ஐந்தாவது, மற்றும் முகநரம்பாகிய ஏழாவது. இவற்றுள் வலியை உணர்த்துவது எது, தசையை அசைப்பது எது என்பது தெளியாத காலத்தில், முகத்தில் மின்வெட்டுப் போல் பாயும் கொடிய நரம்புவலிக்கு ஏழாம் நரம்பையே காரணமாகக் கருதி அதை வெட்டிய அறுவை மருத்துவர்கள் இருந்தனர். வலி நீங்கவில்லை, முகத்தின் அசைவு மட்டும் போயிற்று.

இச்சிக்கலை 1821ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட ஒரு கட்டுரை எதிர்கொண்டது. அதன் ஆசிரியர் சார்லஸ் பெல் எடின்பரோவில் 1774இல் பிறந்தவர். வாட்டர்லூ போரில் காயமுற்றோருக்கு அறுவை மருத்துவம் செய்தவர். தேர்ந்த ஓவியரும் ஆதலால், ஓவியர்களுக்கென முகபாவனையின் உடற்கூறு பற்றி 1806இலேயே ஒரு நூல் எழுதியவர். கழுதையின் ஏழாம் நரம்பை வெட்டியபோது மூச்சுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் நாசித்துளை அசைவற்று நிற்பதை அவர் கண்டார். ஐந்தாம் நரம்பின் கிளையை வெட்டியபோது கழுதையால் உதட்டால் தீனியைப் பொறுக்க முடியவில்லை. இவற்றைக் கொண்டு அவர், ஏழாவது மூச்சுக்கும் பாவனைக்கும் உரிய தனி நரம்பு என்றும், ஐந்தாவது உணர்ச்சியோடு உதட்டின் உண்ணும் அசைவையும் ஆள்கிறது என்றும் முடிவு கட்டினார்.

கண்டது சரி, கொண்ட முடிவு பாதி பிழை. ஹெர்பர்ட் மேயோ என்னும் ஆங்கிலேயர், 1822இல், கழுதை தீனியைப் பொறுக்காமைக்குக் காரணம் உதடு அசையாமை அன்று, தீனி உதட்டில் படுவதை அது உணராமையே என்று விளக்கினார். முகத்தின் உணர்ச்சி ஐந்தாம் நரம்பினது, பாவனைத் தசைகளின் அசைவு ஏழாம் நரம்பினது, மெல்லும் தசைகளுக்கு மட்டும் ஐந்தாவதன் சிறு வேர் ஆணையிடுகிறது என்னும் இன்றைய தெளிவுக்கு இவ்வாராய்ச்சி வழிவிட்டது. பெல் தம் கட்டுரையைப் பின்னர் மறுபதிப்புச் செய்தபோது, புதிய கருத்துக்கு இணங்கும்படி சில சொற்களை மாற்றியமைத்ததை, இரு பதிப்புகளையும் ஒப்பிட்ட மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

ஆயினும் முகம் செயலிழக்கும் நோய்க்குப் பெல் வாதம் என்னும் பெயரே நிலைத்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் நிகோலாஸ் ஃப்ரீட்ரைக், குளிர்காற்றுப் பட்டபின் ஒருபக்க முகம் செயலிழந்தவர்களைப் பெல்லுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே தெளிவாக விவரித்திருந்தார். பெல்லின் சிறப்பு, நோயைக் குறிப்பிட்ட நரம்போடு இணைத்துக் காட்டியதில் இருக்கிறது. இமையை மூட முயலும்போது கருவிழி மேல்நோக்கி உருள்வதை அவர் கவனித்து எழுதியதால், அதற்கும் அவர் பெயரே வழங்குகிறது.

நரம்பின் தொழில் தெளிந்தபின், அதன் பாதை நோயறியும் கருவியாக மாறியது. கால்வாயின் மடக்கில் கண்ணீர்ச் சுரப்பிக்குரிய கிளையும், அதற்குக் கீழே பேரொலியின் அதிர்வைத் தணிக்கும் அங்கவடித் தசைக்குரிய கிளையும், அதற்கும் கீழே சுவையை ஏந்தும் கார்டா டிம்பானி என்னும் கிளையும் பிரிகின்றன. கண் வறள்கிறதா, ஒலி மிகையாகக் கேட்கிறதா, நாவில் சுவை குன்றியதா என்று கேட்டே கேடு எந்த மட்டத்தில் நேர்ந்தது என்பதை மருத்துவர் ஓரளவு உய்த்துணர முடிந்தது. இவற்றினும் முக்கியமானது நெற்றியின் சான்று. முகத்தின் மேற்பகுதிக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருவதால், மூளையில் ஒருபுறம் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நரம்பே கெட்டால் நெற்றியும் அசையாது. இப்னு சினா வகுக்க முயன்ற வேறுபாட்டுக்கு உடற்கூற்றியல் வழங்கிய சான்று இதுவாகும்.

அறுவை மருத்துவத்துக்கு இந்நரம்பு நெடுநாள் அச்சந்தந்தது. சீழ் பிடித்த மாஸ்டாய்டு எலும்பைக் குடையும் அறுவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியபோது, உளி சற்றே விலகினாலும் முகம் கோணிற்று. காதுக்கு முன்னுள்ள பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நரம்பு வாத்தின் பாதம்போல் விரிந்து, நெற்றி, கன்ன எலும்பு, கன்னம், கீழ்த்தாடை, கழுத்து என ஐந்து வழிகளில் பிரிவதால், அச்சுரப்பியில் தோன்றும் கட்டியை அகற்றுவதும் அதே இடரைத் தந்தது. 1895இல் லண்டனில் சார்லஸ் பேலன்ஸ், செயலிழந்த முகநரம்பைத் தோள் தசைக்குரிய நரம்போடு தைத்து இணைத்தார். முகத்துக்கு அசைவு வந்தது, ஆனால் தோளை அசைத்தபோது முகமும் அசைந்தது. 1932இல் அவரும் அமெரிக்கரான ஆர்தர் டியூலும் கால்வாயைத் திறந்து, அறுந்த இடத்தில் வேறு நரம்பின் துண்டை ஒட்டும் முறையை வெளியிட்டனர். நுண்ணோக்கி அறுவை அரங்குக்குள் வந்தபின் நரம்பைக் கண்முன் காத்துக்கொண்டே அறுக்க முடிந்தது. 1985இல் வகுக்கப்பட்ட ஹவுஸ்–பிராக்மன் அளவை முகத்தின் செயலிழப்பை ஆறு படிகளாகப் பிரித்து, மருத்துவர்களிடையே பொது அளவுகோலாயிற்று.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த, மேலோட்டமான நரம்புகளை நாடுவதால், கன்ன எலும்பின்மேல் தோலுக்கு அருகே செல்லும் முகநரம்புக் கிளை கெட்டு, இமை மூடாமல் நிற்கும் முயற்கண் நிலை தோன்றுகிறது. ஐந்தாம் நரம்பும் சேர்ந்து மரத்துப்போனால், கண்ணில் தூசு விழுவதும் தெரியாது, தெரிந்தாலும் இமைக்க இயலாது. இவ்விரண்டும் கூடிப் பார்வையைப் பறிக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்திலும் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைக்கும் அறுவை முறைகளை வளர்க்க, கண் மருத்துவரான மார்கரெட் பிராண்ட் இந்நோயாளிகளின் கண்களைக் காப்பதில் முனைந்தார். இமையை மூடவைக்கத் தொழுநோய் மருத்துவத்தில் கையாளப்பட்ட முறைகளுள் ஒன்று, பொட்டிலுள்ள மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பித் தைப்பதாகும். அத்தசை ஐந்தாம் நரம்பின் ஆணையில் இயங்குவது. ஆகையால் நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். பெல்லும் மேயோவும் கழுதையின் உதட்டைக் கொண்டு வாதிட்ட வேறுபாடு, இங்கே கண்பார்வையைக் காக்கும் கருவியாயிற்று.

பெல் வாதத்தின் காரணம் பற்றிய தேடல் இன்னும் முடியவில்லை. 1907இல் அமெரிக்க மருத்துவர் ராம்சே ஹன்ட், காதில் அக்கி தோன்றி முகம் செயலிழப்பதைத் தனி நோயாகப் பிரித்தார். சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ் நரம்பின் மடக்கில் உறங்கிக் கிடந்து மீண்டெழுவதே அதற்குக் காரணம். 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெல் வாதமுற்ற 14 பேரில் 11 பேரின் நரம்பு நீரில் ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டனர். கோபன்ஹேகனில் 25 ஆண்டுகள் திரட்டிய தரவுகளை 2002இல் வெளியிட்ட பீட்டர்சன், மருந்தின்றியே 71 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறுவதைக் காட்டினார். ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூன்று நாளுக்குள் பிரட்னிசோலோன் என்னும் மருந்தைத் தொடங்கியோருள் ஒன்பது மாதத்தில் 94.4 விழுக்காட்டினரும், அதைப் பெறாதோருள் 81.6 விழுக்காட்டினரும் தேறினர். வைரஸுக்கு எதிரான மருந்தைத் தனியே கொடுத்ததால் பயன் கூடவில்லை.

காலன் ஒன்றாகக் கட்டியதைச் சோமரிங் பிரித்தார். பெல் குழப்பியதை மேயோ தெளிவித்தார். பெல்லின் பெயரால் வழங்கிய நோயிலிருந்து ஹன்ட் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மூளைநோய், அக்கி, கட்டி, காதுச்சீழ், காயம், தொழுநோய் ஆகிய ஒவ்வொன்றும் இல்லையென்று தேர்ந்தபின் எஞ்சுவதற்கே மருத்துவர்கள் இன்று பெல் வாதம் என்று பெயரிடுகின்றனர். இன்னும் பிரித்தறியப்படாத எச்சத்தின் பெயர் அது.